பின்பக்கக் கொடியில் ஒரு விரிப்பு

செவ்வாய்க்கிழமை, பிற்பகல்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். கன்னியர் மடப் பள்ளியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த முறை என்னால் அதைச் செய்ய முடியவில்லை. உன் நலம் எப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரியும். தெரிந்துவைத்துக்கொண்டு தெரியாததுபோல் விசாரிப்பது பொய்யில் சேரும்.

உன் கணவன் நேற்றுக் காலை போன் செய்தான். வேலைக்குப் போகும் வழியில், பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி பேசினான். நீ பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துப் பேசுகிறான் என்று குரலிலேயே தெரிந்தது. நீ உண்டாகியிருக்கும் செய்தியையும் அதைப் பற்றிய கவலையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டான். சந்தோஷப்பட எனக்கு ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. கடைசியில், “அம்மா, உங்களுக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். அவளா சொல்ற வரைக்கும் கொஞ்சம் நடிச்சுக்கங்க” என்றான். பள்ளி நாடகத்தில் எனக்கு ஒரு தடவைகூட வேஷம் கிடைத்ததில்லை. திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. இந்த வயதில் என்னை மேடையேறச் சொல்கிறான். முடியாது என்று அவனிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அவனைத் திட்டாதே. எங்காவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது, இறக்கிவைத்தான்.

அவன் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். தவறிருந்தால் திருத்து. உன் தேதிப்படி எட்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். சனிக்கிழமை ஸ்கேனில் பார்த்தபோது ஆறரை வாரக் குழந்தையின் அளவுதான் இருந்திருக்கிறது. துடிப்பு தெரிந்தது, ஆனால் மெதுவாக. தேதி தவறென்றால் பயமில்லை, தேதி சரியென்றால் வளர்ச்சி பின்தங்கியிருக்கிறது, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். தேதியில் சந்தேகமே இல்லை என்று நீ சொல்லிவிட்டாயாம். உன் மாமனார் போய்விட்ட செய்தி வந்த அன்று, இங்கே கிளம்பி வருவதற்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது மாதவிலக்கு வந்தது, அந்த நாளை நான் எப்படி மறப்பேன் என்றாயாம்.

சரிதான். எனக்கும் அது மறக்கக்கூடிய நாளில்லை. அதனால்தான் நேற்றிலிருந்து எந்த வேலையிலும் கை நிலைக்கவில்லை.

இங்கே சொல்லும்படியாகப் பெரிய செய்தி எதுவும் இல்லை. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. அனுதாபக் கடிதங்கள் வருவது நின்றுவிட்டது. எல்லாவற்றுக்கும் பதில் எழுதி முடித்துவிட்டேன். உன் மாமனார் இருந்தபோது பிற்பகல் என்பது தேநீர் வரைக்கும்தான். இப்போது அது எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. இரண்டு மணிக்குப் படுத்தால், ஜன்னலின் மங்கலான கண்ணாடி வழியாக வெளிச்சம் பால் கலந்த தண்ணீர்போல அறைக்குள் வந்து நிற்கிறது. கண் விழித்தால் காலையா மாலையா என்று புரிவதற்குச் சற்று நேரம் ஆகிறது. அந்தச் சற்று நேரம் சுகமாகத்தான் இருக்கிறது. அதில் யாரும் செத்துப்போகவில்லை.

நேற்று அப்படிப் படுத்திருந்தபோது ஒரு கனவு வந்தது. நான் மறுபடியும் ஹோட்டலில் லினன் அறைப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஆறு மாடிப் படுக்கைகளுக்கும் வேண்டிய விரிப்பும் உறையும் துவாலையும் என் ஒரே சாவிக்குள். அலமாரிகள் மேலே மேலே போய்க்கொண்டே இருக்கின்றன, கூரையே காணோம், எல்லாம் வெள்ளை. சலவைப் பிரிவிலிருந்து யாரோ ஒரு கை நீட்டி, மடித்த விரிப்பு ஒன்றைக் கொடுக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் கைக்குட்டை அளவுதான் இருக்கிறது. ஆனால் நான்கு பக்கமும் ஒழுங்காக ஓரம் தைத்து, ஹோட்டலின் முத்திரைகூடப் போட்டிருக்கிறது. எந்த அறைக்கு என்று கேட்கிறேன். அந்தக் கை அலமாரிக்குப் பின்னால் போய்விடுகிறது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியாகக் கட்டில் தேடிப் போகிறேன். கம்பளம் விரித்த நடைபாதையில் என் காலடி எனக்கே கேட்கவில்லை. பயமாக இல்லை. தொலைத்துவிடக் கூடாது என்ற கவனம் மட்டும் இருந்தது.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். நான் போனில் பேசினால் உத்தரவு போடுவதுபோல் இருக்கிறதென்று உன் மாமனார் சொல்லுவார். “ஆறாவது மாடிக்கு ரெண்டு துவாலை அனுப்புன்னு சொல்ற மாதிரியே எல்லார்கிட்டயும் பேசறே” என்பார். எழுதும்போது ஒரு வார்த்தையை வைக்கும் முன் நிறுத்திப் பார்க்க முடிகிறது. தபாலும் இரண்டு நாளில் வந்துவிடுகிறது.

பதில் எழுத வேண்டுமென்று கட்டாயமில்லை. வேளைக்குச் சாப்பிடு. எதுவும் இறங்கவில்லையென்றால் வெறும் ரொட்டியாவது தின்று வை. வாளி தூக்காதே என்று அவனிடம் சொல்லியனுப்பினேன். வீட்டில் வாளியே இல்லை என்று சிரித்தான். இல்லாவிட்டால் நல்லது.

உன் நினைவாகவே இருக்கும்,
அத்தை


சனிக்கிழமை

அன்புள்ள மருமகளே,

அவசரமாக எழுதுகிறேன். வரி கோணலாகப் போயிருந்தால் பொறுத்துக்கொள். நல்ல விஷயம், அதனால்தான் கை நிற்கவில்லை.

நான் சனிக்கிழமைதோறும் விரிப்பு மாற்றுகிறவள் என்று உனக்குத் தெரியும். உன் மாமனார் இறந்த வாரம்கூட அது தவறவில்லை. வந்திருந்த உறவினர்கள் அதைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதும் என் காதில் விழுந்தது. இன்று காலை அலமாரியைத் திறந்து நீலக்கரை போட்ட விரிப்பை எடுத்தேன். எடுத்தவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருவரும் இங்கே இருந்தபோது, இரண்டாவது சனிக்கிழமை உங்கள் அறைக்கு இந்த விரிப்பைத்தான் போட்டேன். திங்கட்கிழமை விடிந்ததும் பின்பக்க பால்கனிக்குப் போனால், அது கொடியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பழக்கமில்லாத கை பிழிந்ததுபோல ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு, ஒரு பக்கம் தண்ணீர் சொட்டிக்கொண்டு. உங்கள் கட்டிலில் விருந்தினருக்கென்று தனியாக வைத்திருக்கும் அலமாரித் தட்டிலிருந்து எடுத்த விரிப்பு கிடந்தது. கொடியில் கிடந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. இரத்தக்கறையை வெந்நீரில் அலசினால் அப்படித்தான் ஆகும், துணியோடு ஒட்டிக்கொள்ளும். பச்சைத்தண்ணீர்தான் போட வேண்டும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ என் முன்னால் கப் கழுவவே தயங்குகிற பெண். துக்க வீட்டில், மாமியாரின் விரிப்பில் இப்படி ஆகிவிட்டதே என்று எவ்வளவு கூசியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் வெளியே போயிருந்தபோது அதை எடுத்து உப்புப் போட்ட பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து, கறை போக்கி, தேய்த்து, அலமாரியில் வைத்துவிட்டேன். அதோடு மறந்தும் போனேன்.

இப்போது புரிகிறதா? உனக்கு மாதவிலக்கு வந்தது செய்தி வந்த அன்று இல்லை. பத்து நாள் கழித்து, என் வீட்டில் வந்திருக்கிறது. அந்த நாட்களில் யாருக்கு எது நினைவிருந்தது? நான் ஒரே நாளில் இரண்டு முறை பால் வாங்கினேன். பெட்டி அடுக்கியபோது வந்தது என்பது அதற்கு முந்தைய மாதம் வேறு ஏதோ பயணத்துக்குக் கிளம்பியபோதாக இருக்கும், உன் மனதில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்து நாளைக் கழித்துப் பார். குழந்தை ஆறரை வார அளவில்தான் இருக்க வேண்டும், இருக்கிறது. அது பின்தங்கவில்லை. நாம்தான் அதை முன்கூட்டியே எதிர்பார்த்துவிட்டோம். அதற்குமேல் கணக்குப் போடுவது என் வேலையல்ல.

எதிர் வீட்டு நர்ஸம்மாவைத் தெரியுமல்லவா, ஓய்வு பெற்ற பிறகும் யாருக்காவது காய்ச்சல் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாளே, அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “கணக்கு சரியாத்தான் வருது அக்கா. ஆனா கறையைப் பாத்து கருவுக்கு வயசு சொல்ற ஆளை இப்பதான் பாக்கறேன்” என்றாள். எழுதுவதற்கு முன் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னாள். கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றேன். இவளுக்கு நான் செய்த வேலை தெரியாது. இருபத்தாறு வருடம், விரிப்பைப் பார்த்து அறையில் நடந்ததைச் சொல்லியிருக்கிறேன். மூலை அறைக்காரர் கட்டிலில் தூங்குவதே இல்லை, தரையில் படுக்கிறார் என்று ஒருமுறை சொன்னேன். மேலாளர் நம்பவில்லை. போய்ப் பார்த்தால், பாவம், முதுகுவலிக்காரர், தரையில் நீட்டிப் படுத்திருந்தார். தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி இரண்டாம் நாளே சண்டை போட்டுக்கொண்டதைத் தலையணை உறையை வைத்துச் சொன்னேன். மூன்றாம் நாள் அந்தப் பெண் தனியாகக் காரில் ஏறிப் போனாள். சமாதானமாகித் திரும்பியும் வந்தாள், அது வேறு கதை. நான் தவறியதில்லை.

இதுவரை எழுதிவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தேன். எழுந்து தொடர்கிறேன். தபால் எடுக்க இன்னும் நேரமிருக்கிறது.

உன் மாமனார் வந்தார். ஹோட்டலில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தபோது போட்டிருந்த அதே நீலச் சட்டை, அதே எண்ணெய்க் கறை. அந்தச் சட்டையோடு அவரை லினன் அறை வாசலைக்கூட நான் தாண்டவிட்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் விட்டதில்லை. கனவில் அவர் பழைய லிஃப்டின் மடக்குக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஏறு என்று கண்ணால் காட்டினார். ஏறினேன். மேலே போகிறது. மிக மெதுவாகப் போகிறது. கதவின் இடைவெளியில் செங்கல் சுவர் வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு சின்ன பல்பு மட்டும் எரிகிறது. மாடி எண் எதுவும் வரவில்லை. நின்றுவிட்டதா என்று கேட்டேன். அவர் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “போயிட்டுதான் இருக்கு. உனக்குத்தான் தெரியல” என்றார். எவ்வளவு நேரம் போனோம் என்று தெரியாது. வெளிச்சம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறியது. விழித்தபோது எனக்குப் பசித்தது. இரண்டு மாதத்தில் பசித்து எழுந்தது இன்றுதான். ஒரு முட்டை வேகவைத்துத் தின்றேன்.

இதை டாக்டரம்மாவிடம் சொல். தயங்காதே. மாமியார் சொன்னாள் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தால், உனக்கே நினைவு வந்ததாகச் சொல். அந்தப் பொய்யை நான் மன்னிக்கிறேன்.

விரிப்பைப் பற்றிக் கூசாதே. அது இப்போது என் கட்டிலில் கிடக்கிறது. கறை எங்கே இருந்ததென்று எனக்கே தெரியவில்லை, அவ்வளவு வெள்ளை.

மனம் நிறைந்து,
உன் அத்தை


புதன்கிழமை, மாலை

என் மருமகளுக்கு,

காலையில் நீ போனை வைத்த பிறகு நான் அந்த நாற்காலியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கையில் போன் இருந்தது. அதிலிருந்து உன் குரல் இன்னும் வந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது. பிறகு அறை மெல்லத் திரும்பி வந்தது, முதலில் மேசை, பிறகு ஜன்னல்.

“அத்தை, அந்த ரத்தம் என்னோடது இல்ல. அவரோடது” என்றாய். எனக்குப் புரியவில்லை. அவனுக்கு என்னவோ அடிபட்டுவிட்டது, என்னிடம் மறைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் மனதில் ஓடியது. நீ ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்துச் சொன்னாய். அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவன் தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்தான், அப்பா என்று ஒரு தடவை சொன்னான், அவ்வளவுதான், உடைந்துவிட்டான் என்றாய். சத்தம் வெளியே வந்துவிடும் என்று விரிப்பின் முனையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு அழுதான், மூக்கில் இரத்தம் கொட்டிவிட்டது என்றாய்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அப்படித்தான். தேம்பி அழுதால் மூக்கு உடைந்துவிடும். நான்தான் ஈரத்துணி வைத்து அழுத்திப் பிடிப்பேன். உலகத்தில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். கறையைப் பார்த்தபோது அது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டு விரிப்பின் ஓரத்தில்தான் இருந்தது. நடுவில் இல்லை. அன்றே அதைப் பார்த்தேன். சனிக்கிழமை உனக்கு எழுதும்போதும் அது நினைவுக்கு வந்தது. அலசும்போது துணி இழுபட்டு நகர்ந்திருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டு அந்த வரியை எழுதாமல் விட்டேன். சலவைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் அப்படிச் சொல்லியிருந்தால் அன்று முழுக்கத் துவாலை மடிக்கவிட்டிருப்பேன்.

அவன் ஏன் என்னிடம் வரவில்லை என்று கேட்டேன். உனக்குச் சொல்ல விருப்பமில்லை, தெரிந்தது. நான் விடவில்லை. “‘அம்மா கண்ணுல ஒரு சொட்டு வரல. நான் அழுதா அவங்க தாங்கமாட்டாங்க’ன்னு சொன்னார் அத்தை” என்றாய். அதனால் இரண்டு பேரும் திருடர்கள்போலக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து அலசியிருக்கிறீர்கள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். விழித்துத்தான் இருந்தேன். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. குழாயைச் சரியாக மூட மறந்துவிட்டார்கள், காலையில் சொல்ல வேண்டும் என்று படுத்திருந்தேன்.

நீங்கள் இங்கே இருந்த மூன்று வாரமும் வந்தவர்களிடமெல்லாம், என் பிள்ளை நிலைகுலையவில்லை பாருங்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவன் நாற்காலி எடுத்துப் போட்டான், வருகிறவர்களைக் கவனித்தான், என்னைச் சாப்பிடச் சொன்னான். என்னைப் பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறான் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

சரி. இதெல்லாம் இருக்கட்டும். உன் விஷயத்துக்கு வருகிறேன், அதைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவும் எழுதினேன்போல் இருக்கிறது.

உன் தேதி சரி. நான் கழித்த பத்து நாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குழந்தை சின்னதாகத்தான் இருக்கிறது. என் கடிதம் உனக்குத் திங்கட்கிழமையே கிடைத்திருக்கிறது. படித்தவுடனே அது தவறென்று உனக்குத் தெரியும். இரண்டு நாள் ஏன் சொல்லாமல் இருந்தாய் என்று கேட்டதற்கு, “உங்க லெட்டர்ல அவ்வளவு சந்தோஷம் இருந்துச்சு அத்தை. அதைக் கெடுக்க மனசு வரல” என்றாய். இதை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வயிற்றில் அந்தப் பயத்தையும் வைத்துக்கொண்டு, நான் முட்டை வேகவைத்துத் தின்றதைப் படித்து, அத்தை சாப்பிடட்டும் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறாய். இந்த நேரத்தில் என்னை நீ தாங்கியிருக்கக் கூடாது. இனி அப்படிச் செய்யாதே. ஆனால் செய்தாய் என்பதை நான் மறக்கப்போவதில்லை.

நர்ஸம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் நான்தான் சொன்னேனே என்று ஆரம்பிப்பாள் என்று தயாராகத்தான் போனேன். ஆரம்பிக்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டுத் தேநீர் வைத்தாள். சின்னதாக இருந்தால் என்ன ஆகும், உள்ளதைச் சொல் என்று கேட்டேன். “சின்னதா இருந்து நல்லபடியா வந்ததையும் பாத்திருக்கேன், வராததையும் பாத்திருக்கேன் அக்கா. சனிக்கிழமை வரைக்கும் எந்த டாக்டருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது” என்றாள். கடைசி வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள், அதை நான் அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். நீ நடந்ததாலோ, படி ஏறியதாலோ, பயணம் செய்ததாலோ, துக்க வீட்டில் அழுததாலோ இப்படி ஆவதில்லை என்றும் சொன்னாள். அதை உனக்கு அவசியம் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். அதை இரண்டு முறை படி.

திரும்பி வந்து படுத்தேன். வழக்கமாகக் கட்டிலின் என் பக்கத்தில்தான் படுப்பேன். இன்று ஏனோ உன் மாமனார் படுக்கும் பக்கத்தில் படுத்துவிட்டேன். மெத்தை அங்கே கொஞ்சம் பள்ளமாக இருக்கிறது, உடம்பு தானாக அதில் போய் உட்கார்ந்துகொண்டது. கனவு எதுவும் வரவில்லை. வெளிச்சம் ஜன்னலில் நின்றுகொண்டே இருந்தது, எங்கோ யாரோ தண்ணீர் திறந்துவிட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் அது நான்தான் என்று தெரிந்தது. தலையணை உறை முழுக்க நனைந்துவிட்டது. எழுந்து அதை அலசி, பின்பக்கம் கொண்டுபோகாமல், தெருவைப் பார்த்த முன்பக்கக் கொடியில் போட்டேன். ஒற்றை உறை, நடுவாரத்தில். மாடி வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்து, “என்னம்மா, இன்னைக்கு சனிக்கிழமையா?” என்றார். இல்லை, அழுதேன், நனைந்துவிட்டது என்றேன். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அவர் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது, வழக்கத்தைவிட மெதுவாக.

இதை அவனிடம் நீயே சொல். அம்மா அழுதாள் என்று சொல். தாங்கினாள் என்றும் சொல்.

சனிக்கிழமை ஸ்கேனுக்கு அவனும் உள்ளே வருவதற்கு அனுமதி கேள். மறுத்தால் இன்னொரு முறை கேள். குளிரும், மேலே எதையாவது போர்த்திக்கொண்டு போ. திரையைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் பார்க்காதே. அவனைப் பார்.

முடிந்ததும் எனக்கு நீ பேசு. அவனைப் பேசச் சொல்லாதே. அவன் முதலில் தன் குரலைச் சரிசெய்துகொள்வான், பிறகு எனக்கேற்றபடி செய்தியைச் சரிசெய்வான். வீட்டுக்குப் போய், முகம் கழுவி, தண்ணீர் குடித்து, பிறகு பேசலாம் என்று வைத்துக்கொள்ளாதே. ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றே பேசு. துடிக்கிறது, கொஞ்சம் வளர்ந்திருக்கிறது என்றாலும் பேசு. வேறு மாதிரி என்றாலும் பேசு, அப்போது இன்னும் சீக்கிரமாகப் பேசு. குரல் எப்படி வருகிறதோ அப்படியே பேசு. வார்த்தையே வரவில்லையென்றால் போனைக் காதோடு வைத்துக்கொண்டு சும்மா இரு. நான் எதுவும் கேட்க மாட்டேன். உத்தரவும் போட மாட்டேன். இந்தப் பக்கம் இருப்பேன். நீ வைக்கும் வரை நான் வைக்க மாட்டேன்.

இதை நாளை காலை விரைவுத் தபாலில் நானே கொண்டுபோய்ப் போடுகிறேன். வெள்ளிக்கிழமை உன் கையில் இருக்கும்.

எந்த அளவில் இருந்தாலும் அது நம் வீட்டு ஆள். நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அத்தை